இடது சிவப்பு, வலது கறுப்பு

ஃபோர்ட் கென்ட்
ஜனவரி 12, 1997

அன்புள்ள கிழவனுக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதப்போகிறாய், அதனால் கேட்கவில்லை. நான் நலம். இருமல் இந்த வருஷம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு வந்தவன் ஒரு நாள்கூடத் தங்காமல் கிளம்பிவிட்டாய். நீ போன பிறகு வாசல்படியையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் குளிர் தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தோடு நம் மீட்புக் குழுப் பையன் ரேயால் பனிவண்டியில் ஒரு மூட்டை கொண்டுவந்து பாலத்தடியில் வைப்பான். பிரித்துப் பார்த்துவிட்டு ஜோடி மாறிப்போச்சு என்று அவனைத் திட்டாதே. குழுவுக்குப் பனியில் புதையாமல் நடக்கப் புது ஸ்னோஷூ வாங்க வேண்டுமாம். குழுவை நடத்துகிற ஓவிட் இரண்டு கம்பெனிகளிலிருந்து கம்பெனிக்கொரு ஜோடி வரவழைத்து, நம் சமையலறை மேஜைமேல் பரப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டான். "நீங்க ரெண்டு பேரும் காட்டுக்கு ஆகும்னு சொன்னாத்தான் வாங்குவேன், அத்தை" என்றான். நாம் 'ரெண்டு பேரும்' ஒரே கூரைக்குக் கீழே இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? ஊருக்கே தெரியும். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

சிவப்பு, பிளாஸ்டிக்கில் ஒரே வார்ப்பு. கறுப்பு, அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் கெட்டித் துணி இழுத்துக் கட்டியது. நாம் எப்போதும் செய்கிற மாதிரியே பிரித்திருக்கிறேன். உனக்கு இடது காலுக்குச் சிவப்பு, வலது காலுக்குக் கறுப்பு. எனக்கு இடது கறுப்பு, வலது சிவப்பு. ஒரே ஆள், ஒரே பனி, ஒரே பாறை, ஒரே குளிர். இரண்டும் ஒரே அடி வாங்கட்டும், எது முதலில் அழுகிறது என்று பார்க்கலாம். அங்கே உனக்கு மாவு மாதிரிப் பனியும் மலைச்சரிவும். இங்கே எனக்கு ஆற்றோரத்து ஈரப்பனியும் பொருக்கும். போன வருஷம் மலை முதுகில் நம் ஆள் ஒருத்தனின் வார் அறுந்து, தேடப் போனவனையே தூக்கிக்கொண்டு இறங்கினார்களே, அது ஞாபகம் இருக்கட்டும். அலட்சியமாக நடந்து பார்த்துவிட்டு எழுதாதே.

இன்னொரு விஷயம். வீட்டை வாங்க ஆள் வந்திருக்கிறது. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தியும் அவள் புருஷனும். மார்ச் கடைசிக்குள் முடிவு வேண்டும் என்கிறார்கள். கூரைப் பனியைத் தள்ள இனி என்னால் ஆகாது, அல்சீட். பேங்கர் நகரத்தில் ஸிமோன் அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு பார்த்துவைத்திருக்கிறேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். நான் ஒருத்தியாகப் போகிறேனா, இரண்டு பேராகப் போகிறோமா?

வயர்லெஸ்ஸில் பதில் சொல்லாதே. போன மாதம் நீ ஜாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னதைப் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டு, நம் வாசலில் ஜாம் பாட்டிலாகக் குவிந்துவிட்டது. எழுது.

இன்னும் உன் மனைவிதான்,
லோரெட்


மலைக் குடில்
ஜனவரி 27

அன்புள்ள லோரெட்,

மூட்டை வந்தது. ஜாம் பாட்டில்களும் வந்தன. ராஸ்பெர்ரி யாருடையது? மூடியைத் திறக்கவே முடியவில்லை. கடைசியில் இடுக்கி வைத்துத் திறந்தேன்.

இங்கே பனி ஜன்னல் பாதிவரை ஏறிவிட்டது. நான் நலம். கோபித்துக்கொள்ளாதே, நீயேதான் நான் இப்படி எழுதுவேன் என்று சொன்னாய்.

ஸ்னோஷூவைப் போட்டுப் பார்த்தேன். ஒரு காலில் சிவப்பும் ஒரு காலில் கறுப்புமாக நடக்கிறபோது சர்க்கஸ் கோமாளி மாதிரி இருக்கிறது. பார்க்க ஆள் இல்லாததால் பரவாயில்லை. சிவப்பு கெட்டிப்பனியில் தடதடவென்று சத்தம் போடுகிறது. கறுப்பு பூனை மாதிரி வருகிறது. இப்போதைக்கு அவ்வளவுதான். தினமும் பாலம்வரை போய் வருகிறேன், முடிந்தபோது மலைத் தோள்வரை ஏறுகிறேன். கொஞ்ச நாள் போகட்டும்.

போன வாரம் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வழி தவறி வந்துசேர்ந்தார்கள். அவள் கை விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்துப் போயிருந்தன. என் அடுப்பு எரியாமல் இருந்திருந்தால் அவள் விரல்கள் போயிருக்கும். ப்ளோய் அப்பம் வார்த்துப் பாகு ஊற்றிக் கொடுத்தேன், இருவரும் அழுதுகொண்டே தின்றார்கள். இதையும் கொஞ்சம் நினைத்துப் பார். இந்த அடுப்பை அணையாமல் பார்த்துக்கொள்ள ஒருத்தன் வேண்டியிருக்கிறது.

வீட்டைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
அல்சீட்


ஃபோர்ட் கென்ட்
பிப்ரவரி 9

கிழவா,

'பிறகு எழுதுகிறேன்' என்று எழுதுவதற்கு ஒரு தாள் செலவழித்தாயே, உன் தாராளத்தை என்ன சொல்ல! ராஸ்பெர்ரி ஜாம் பாதிரியார் வீட்டுச் சமையல்காரியுடையது. அவள் மூடியை இறுக்குகிற இறுக்கில் ஊருக்கே மணிக்கட்டு போயிற்று.

அந்தப் பெண்ணுக்கு விரல் பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அடுப்பு எரிய ஆள் வேண்டும் என்றால் ஓவிட் இருக்கிறான், குழுவில் வயசுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். முறை போட்டுக்கொண்டு வந்து தங்குவதாக அவர்கள் இரண்டு வருஷமாகச் சொல்கிறார்கள். நீதான் விடமாட்டேன் என்கிறாய். அடுப்பின் மேல் பழியைப் போடாதே.

என் கணக்கைச் சொல்கிறேன். நான் தினமும் ஆற்றங்கரையோடு போய், பழைய மரம் இறக்கும் மேட்டில் ஏறி இறங்கி வருகிறேன். மூச்சு வாங்குகிறது, மெதுவாகத்தான் போகிறேன். இரண்டு காலிலும் அடியில் பனியைக் கவ்வுகிற பல் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறது, பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கறுப்பின் கீலைத் தாங்குகிற ரிவெட் ஆணி கடுங்குளிரில் லொடலொட என்று ஆடத் தொடங்கியிருக்கிறது. கட்டைவிரலால் அசைத்தால் அசைகிறது. இன்னும் கழன்றுவிடவில்லை. கழலும். பாரத்தோடு சரிவில் குறுக்கே போகிறவனுக்கு அங்கேதான் வினை. சிவப்பில் வார்ப்பு என்பதால் கழல ஒன்றுமில்லை. குளிரில் வெடிக்குமோ என்று பயந்தேன், வெடிக்கவில்லை. நான் சிவப்புப் பக்கம்தான் சாய்கிறேன். உன் கறுப்பில் ரிவெட்டைப் பார்த்துச் சொல்.

நேற்றுக் கூரைப் பனியைத் தள்ள ஏணியில் ஏறினேன். பாதியில் நெஞ்சடைத்து ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். டீச்சரின் புருஷன் தற்செயலாக வந்து இறக்கிவிட்டான். வீட்டை வாங்க வந்தவன் வீட்டுக்காரியை இறக்கிவிட வேண்டியதாயிற்று. எனக்கு அழுகையாக வந்தது. வலியில்லை, அசதி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் நிமோனியாவோடு மலையிலிருந்து இறங்கியபோது நீ பாலம்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போனாய். அதற்கு நான் சண்டை போடவில்லை. அந்த வாரம் மலையில் ஆள் காணாமல் போயிருந்தது, நீ போகத்தான் வேண்டும். ஆனால் அவன் கிடைத்த பிறகும் நீ இறங்கி வரவில்லையே. அதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. பதில் எழுது.

லோரெட்


மலைக் குடில்
பிப்ரவரி 21

அன்புள்ள லோரெட்,

ஏணியில் ஏறாதே. டீச்சரின் புருஷனுக்கு என் நன்றியைச் சொல். அவன் நல்லவனாகத்தான் தெரிகிறான், வீட்டைக் கொடுக்கலாம்.

இனி சோதனை. நாம் எழுதுகிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

பல்: சிவப்பில் நன்றாகத் தேய்ந்துவிட்டது. கூர் போய் மொட்டையாகிவிட்டது. கறுப்பில் வாங்கி வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது. வார்: சிவப்பில் குறையில்லை. கறுப்பில் விரல் வார் உள்பக்கம் கொஞ்சம் பிசிறடித்திருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். கீல்: கறுப்பில் ரிவெட் ஆடவில்லை. அசைத்துப் பார்த்துவிட்டேன், கல் மாதிரி இருக்கிறது. நீ சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு ஆட்டிவிட்டாயோ என்னவோ. தளம்: சிவப்பில் குதிகால் பக்கம் முடி அளவு விரிசல். கறுப்பில் ஒன்றுமில்லை.

தீர்ப்பு: சிவப்பு காட்டுக்கு ஆகாது. கறுப்பு ஆகும். ஓவிடிடம் கறுப்பை வாங்கச் சொல்.

இரண்டையும் ரேயாலிடம் கொடுத்தனுப்புகிறேன், நீயே பார்த்துக்கொள். நான் பழைய மர ஜோடியைப் போட்டுக்கொள்கிறேன்.

வீட்டு விஷயம் உன் இஷ்டம். எனக்கு இங்கே போதும். நீ அங்கே அக்காவோடு சௌகரியமாக இரு. வெயில் காலத்தில் வந்து பார்க்கிறேன். நாம் என்ன புதுசாகக் கல்யாணம் ஆனவர்களா?

அன்புடன்,
அல்சீட்


ஃபோர்ட் கென்ட்
மார்ச் 2

அல்சீட்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபம் வந்தது. கல்யாணம் புதுசா பழசா என்று நீ எனக்குச் சொல்லவேண்டியதில்லை. அப்புறம் ரேயால் கொண்டுவந்த மூட்டையைப் பிரித்தேன். கோபம் போய்விட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் ஜோடியையும் என் ஜோடியையும் மேஜைமேல் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சிவப்பும் சிவப்பும் ஒரே சரக்கு, கறுப்பும் கறுப்பும் ஒரே சரக்கு. ஆனால் இரண்டு பேர் தீர்ப்பும் நேர் எதிர். இத்தனை வருஷத்தில் நமக்குள் இப்படி நடந்ததில்லை. மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொண்டிருக்கிறோம், இதில் மட்டும் இல்லை.

உன் இடது சிவப்பில் பல் மொட்டையாகியிருக்கிறது. சரி. குதிகால் பக்கம் விரிசல். சரி. ஒரு ஆள் எடை அல்ல, ஒன்றரை ஆள் எடை இறங்கியிருக்கிறது. வலது கறுப்பைத் திருப்பினேன். பல் புதுசாகத்தான் இருக்கிறது, ஏன் இருக்காது? அது தரையில் ஊன்றவேயில்லையே. ஆனால் முன்விளிம்பில் பூச்சு முழுக்கப் போய் வெறும் அலுமினியம் தெரிகிறது. விரல் வார் உள்பக்கம் மட்டும் பிசிறு. தூக்கி வைக்காமல் இழுத்துக்கொண்டே போகிற காலுக்குத்தான் இப்படி ஆகும். ரிவெட் ஏன் ஆடவில்லை தெரியுமா? அதன்மேல் நீ பாரமே போடவில்லை. உன் வலது காலில் கறுப்பு விருந்தாளி மாதிரி சும்மா கூட வந்திருக்கிறது.

உன் இடுப்பு போய்விட்டது, அல்சீட். வலது பக்கம். எத்தனை நாளாக? ரேயாலைக் கேட்டேன். அவன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே, "என்னை எதுவும் கேக்காதீங்க அத்தை, சத்தியம் வாங்கியிருக்காரு" என்றான். அதுவே போதுமான பதில்.

நீ எனக்குப் பொய் எழுதினால் போகிறது, பழகிவிட்டது. ஆனால் உன் பேச்சைக் கேட்டு ஓவிட் கறுப்பை வாங்கினால், ரிவெட் கழன்று யாராவது பள்ளத்தில் கிடப்பான். அதை நான் விடமாட்டேன். அதே சமயம் நான் சொல்வதுதான் சரி என்று ஒரு பக்கமாகவும் எழுதமாட்டேன். சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? கால் மாற்றிப் போடுவோம். என் ஜோடியை உனக்கு அனுப்புகிறேன். இப்போது உன் இடது காலில் கறுப்பு, வலது காலில் சிவப்பு. உன்னுடையதை நான் போட்டுக்கொள்கிறேன். தேய்மானம் சிவப்போடு போனால் குறை சிவப்பில். உன் இடது காலோடேயே நின்றால் குறை உன்னில்.

குறை உன்னில் என்றால் நீ இறங்கி வருகிறாய். நான் கையெழுத்துப் போடுவதற்குள். இரண்டு பேராகத்தான் பேங்கர் போகிறோம். குறை சிவப்பில் என்றால் நான் வாயை மூடிக்கொண்டு தனியாகப் போகிறேன், இனி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். சம்மதமா?

லோரெட்


மலைக் குடில்
மார்ச் 7

லோரெட்,

என் கால் என்னுடையது. அதைக் கவிழ்த்துப் போட்டுப் பார்க்க உன் சமையலறை மேஜை வேண்டாம்.

கீழே வந்து நான் என்ன செய்வேன்? என் தம்பி வில்ஃப்ரெட்டைப் பார்த்தாயே. முழங்கால் போயிற்று என்று காட்டிலிருந்து கூட்டிவந்தார்கள். ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்து மடியில் கம்பளியைப் போட்டார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் அவன் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். காட்டில் கரடிக்குப் பயப்படாதவன், மதியச் சூப் ஐந்து நிமிஷம் தாமதமானால் அழுதான். இரண்டு குளிர்காலம் தாங்கவில்லை. எனக்கு அந்த நாற்காலி வேண்டாம். இதுதான் காரணம், போதுமா? நீ காய்ச்சலோடு இறங்கியபோது நான் கூட வராததற்கும் இதுதான் காரணம். ஒரு தடவை இறங்கினால் மறுபடி ஏறவிடமாட்டார்கள் என்று அப்போதே தெரியும். இடுப்பு அப்போதே வலிக்கத் தொடங்கிவிட்டது.

எழுதியதை அடிக்கப்போவதில்லை.

உன் சோதனைக்குச் சம்மதம். சோதனை என்றால் சோதனை.

அல்சீட்


மலைக் குடில்
மார்ச் 23

அன்புள்ள லோரெட்,

கால் மாற்றிப் போட்டு நடந்து பார்த்தாயிற்று. மலைத் தோள்வரை போய் வந்தேன், வேண்டிய அளவு பாறையும் இருந்தது. பனி மேலே பொருக்கு கட்டிவிட்டது, காலையில் நடக்கலாம், மதியத்துக்கு மேல் புதைகிறது.

பல்: இரண்டிலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறது. நீயே பார்க்கலாம். வார்: சொல்லும்படி ஒன்றுமில்லை. கீல்: கறுப்பின் ரிவெட் நீ சொன்ன மாதிரி ஆடுகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஓவிட் சிவப்பையே வாங்கட்டும்.

தீர்ப்பு: இரண்டு காலிலும் தேய்மானம் சமம். ஆகவே என் காலில் குறையில்லை.

இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். நீ உன் வாக்கைக் காப்பாற்றுவாய் என்று தெரியும். பேங்கரில் உடம்பைப் பார்த்துக்கொள். அக்காவுக்கு என் விசாரிப்பு.

அன்புடன்,
அல்சீட்


ஃபோர்ட் கென்ட்
மார்ச் 31

அல்சீட்,

இன்று காலையில் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி, இரண்டிலும் பல் சமமாகத் தேய்ந்திருக்கிறது. உன் கைவேலை எப்போதும் சுத்தம். ஓவிட் பார்த்தால் ஏமாந்திருப்பான், வேறு யார் பார்த்தாலும் ஏமாந்திருப்பார்கள். இடது கறுப்பில் பல் தேய்ந்தது பாறையில். கீறல் அங்கொன்றும் இங்கொன்றுமாக, நாய் பிறாண்டிய மாதிரி இருக்கிறது. வலது சிவப்பில் எல்லாக் கீறலும் ஒரே பக்கம் சாய்ந்து, வரிவரியாக, அழகாக இருக்கிறது. பாறைக்கு அவ்வளவு ஒழுங்கு தெரியாது. அரத்துக்குத்தான் தெரியும். முன்விளிம்பு இழுபட்டு மழுங்கியதை மறைக்க உனக்கு வழி கிடைக்கவில்லை போலிருக்கிறது.

திட்டித் தீர்க்கலாம் என்றுதான் தாளை எடுத்தேன், வரவில்லை. நீ குடித்துவிட்டுப் பொய் சொல்லியிருக்கிறாய், சீட்டாட்டத்தில் பொய் சொல்லியிருக்கிறாய், பாவமன்னிப்புக் கூண்டில்கூடச் சொல்லியிருப்பாய். சோதனையில் சொன்னதில்லை. ஆள் உயிர் தொங்குகிற விஷயம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அதையே அரத்தால் தேய்க்கிற அளவுக்கு உனக்கு என்னோடு வந்து இருக்கப் பிடிக்கவில்லை என்றால், இனி நான் என்ன கேட்பது? நாற்காலிக்குப் பயம் என்று எழுதினாய். சரி. ஆனால் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நான் இருப்பேன் என்பது உன் புத்தியில் ஏறவே இல்லை.

ஓவிடிடம் எதுவும் சொல்லவில்லை. என் நடையை மட்டும் வைத்து அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். கீழே உன் பெயருக்கு இடம் விடவில்லை. அவன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். சிவப்பைத்தான் வாங்குகிறான்.

இத்துடன் சிவப்பு இரண்டையும் அனுப்புகிறேன், இடதும் வலதும். கறுப்பு இரண்டும் என்னிடம் இருக்கட்டும். உனக்கு முழுசாக ஒரு ஜோடி, எனக்கு முழுசாக ஒரு ஜோடி. தனியாக நடக்கிறவர்களுக்கு அதுதான் வசதி. இடது பக்கம் விரிசலில் பசை போட்டிருக்கிறேன், அதிக நாள் தாங்காது, பார்த்து நட.

நான் களைத்துவிட்டேன். இனி கேட்கமாட்டேன், சொன்ன வாக்குதான்.

லோரெட்


மலைக் குடில்
ஏப்ரல் 5

லோரெட்,

சிவப்பு ஜோடி வந்தது. இடதும் வலதுமாகப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு இரண்டு காலிலும் ஒரே நிறம்! இரண்டு அடி வைத்தேன், விழுந்துவிட்டேன். எழுந்திருக்க வெகு நேரம் ஆயிற்று. அடுப்பு வாசலுக்கு அந்தப் பக்கம் எரிந்துகொண்டிருந்தது, புகை தெரிந்தது, போக முடியவில்லை. அந்தப் பெண்ணின் விரல்களை நினைத்துக்கொண்டேன். தவழ்ந்துதான் உள்ளே வந்தேன்.

அரம் பிடித்தது நான்தான். ஒரு அறிக்கை பாக்கி நிற்கிறது. எழுதிவிடுகிறேன், இதை வேண்டுமானால் ஓவிடிடம் காட்டு.

சரக்கு: அல்சீட். பழைய வார்ப்பு.

பல்: மேல் வரிசையில் பாதிதான் இருக்கிறது. ப்ளோய்க்குப் போதும்.

வார்: கையிரண்டும் இன்னும் பிடிக்கும். ஜாம் மூடி திறக்க மட்டும் இடுக்கி வேண்டும்.

கீல்: வலது பக்கம் போய்விட்டது. இரண்டு வருஷமாக. பாரம் ஏற்ற முடியாது. படுத்தாலும் வலிக்கிறது.

தளம்: விரிசல் உண்டு. எங்கே என்று உனக்குத் தெரியும்.

மற்றவை: பொய் சொல்லும். வீட்டுக்காரி காய்ச்சலோடு போனபோது பாலத்தில் நின்றுவிட்டது. அதைத் தினமும் அந்தப் பாலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

தீர்ப்பு: காட்டுக்கு ஆகாது. ஊருக்குள், பெருக்கிய பாதையில், பக்கத்தில் ஆள் இருந்தால், கொஞ்ச காலம் ஆகலாம். வாங்குகிறவர் யோசித்து வாங்கவும்.

நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்று தெரியும். இனி கேட்கமாட்டேன் என்றும் எழுதிவிட்டாய். அதனால் நான் கேட்கிறேன். பேங்கரில் எனக்கு இடம் இருக்கிறதா? இல்லை என்றாலும் பரவாயில்லை, எழுது. 'பிறகு எழுதுகிறேன்' என்று மட்டும் எழுதாதே.

இறங்க வேண்டுமென்றால் என்னால் நடந்து இறங்க முடியாது. குழுவின் சறுக்குவண்டியில்தான் கட்டி இழுக்க வேண்டும். எத்தனையோ பேரை அதில் கட்டி இழுத்திருக்கிறேன். அதில் படுத்துக்கொண்டு மரங்களை அண்ணாந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று யாரையும் கேட்டதில்லை.

உன்,
அல்சீட்


ஃபோர்ட் கென்ட்
ஏப்ரல் 9

கிழவா,

அறிக்கை கிடைத்தது. அடுப்பங்கரையில் நின்றபடியே படித்தேன், பால் பொங்கி வழிந்துவிட்டது. இதை ஓவிடிடம் காட்டமாட்டேன். இது என் சரக்கு, அவன் குழுவுக்கு இல்லை.

ரேயாலும் ஓவிடும் அடுத்த வாரம் வியாழக்கிழமை சறுக்குவண்டியோடு வருகிறார்கள். அதுவரைக்கும் வெளியே காலை வைக்காதே. விறகைக் கையெட்டும் இடத்தில் போட்டு வை. குழுவிலிருந்து இரண்டு பேர் குடிலில் தங்கி அடுப்பைப் பார்த்துக்கொள்வார்கள். ஓவிட் முறை போட்டுவிட்டான், புகை நிற்காது.

நானும் வருகிறேன். டாக்டர் கூடாது என்றார், சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பாலத்தில் நிற்கமாட்டேன். பாலத்தைத் தாண்டி மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கி, குடில் வாசல்வரை வருவேன். புதுச் சிவப்பு வந்துவிட்டது, அதில்தான் வருகிறேன். இறங்கும்போது வண்டிக்குப் பக்கத்திலேயே நடப்பேன். மரத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் என்னைப் பார்த்துக்கொண்டு வா. வழியெல்லாம் திட்டுவேன், அதற்கும் தயாராக இரு.

நீ கேட்டதற்குப் பதில். பேங்கர் வீடு தரைத்தளம். வாசலில் படியே கிடையாது. அப்படித்தான் வேண்டும் என்று ஸிமோன் அக்காவைத் தெருத் தெருவாக அலையவைத்தேன். குளிக்கிற இடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டுக் கொடுக்கச் சொன்னேன், வயசான எனக்காக என்று சொல்லி. ஜன்னலோரம் நாற்காலி போடவில்லை. பின்பக்கம் ஒரு கொட்டகை இருக்கிறது, அதில் பட்டறை மேஜை போடலாம். சோதனைக்கு வருகிற சரக்கை நீ கவிழ்த்துப் பார்த்தால் போதும், நான் நடக்கிறேன். அரத்தை மட்டும் நான் வைத்துக்கொள்வேன்.

இதையெல்லாம் நான் ஜனவரி முதல் வாரத்திலேயே முடித்துவிட்டேன். உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்னால். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ நம் வாசல்படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாய். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன்.

கம்பளிக் காலுறையை மறக்காமல் எடுத்துக்கொள்.

உன்,
லோரெட்